நாலு பூங்கா, எத்தனை நாள்? – பயணம்: வாசகர் கேள்வி பதில்

புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்ட் பற்றி மலையகத்திலிருந்து கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் சேர்த்த காசில், பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவை போகிற பயணம். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம். விலைகள் அமெரிக்க டொலரில். அவை அடிக்கடி மாறும், பணம் கட்டுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் டொரொண்டோவில் இருக்கிறாள். டிசம்பரில் எங்களை அங்கே கூப்பிட்டு, அப்படியே டிஸ்னி வேர்ல்டுக்கும் கூட்டிப்போகப் போகிறாளாம். "நாலு பார்க், மூன்று நாள் போதும்" என்கிறார் மருமகன். போதுமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஹட்டன்

போதாது. ஆனால் நாட்கணக்குக்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது கனடா வீசா மட்டும்தானா? அதைக் காட்டி அமெரிக்காவுக்குள் போக முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவருக்கு அமெரிக்க வீசா தனியாக வேண்டும். மகள் கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தும் குடியுரிமை எடுக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்தால் அவருக்கும் வேண்டும். டீ.எஸ்-160 என்ற அமெரிக்க வீசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டொலர் கட்டி, கொழும்புத் தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் எடுக்கவேண்டும். வீசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. கனடா போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் ஊரிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள். இன்னொன்று: டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அங்கேயே, விமானம் ஏறுமுன் நடந்துவிடும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது தோட்டப்புறத்தில் புதிதில்லை. கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே வீசாவிலும், விமான டிக்கெட்டிலும், பூங்கா டிக்கெட்டிலும் இருக்கட்டும்.

இனி நாட்கணக்கு. 1971 ஒக்டோபரில் திறந்த இந்த வளாகம் ஏறத்தாழ 25,000 ஏக்கர். தோட்டத்து ஏக்கர்க் கணக்கு தெரிந்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸோ மொனோரெயிலோ கேபிள் காரோ பிடித்துத்தான் போகவேண்டும். ஒரு வாசலைவிட்டு அடுத்த வாசலுக்குள் நுழைய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கரையும்.

நாலும் நாலு விதம். மஜிக் கிங்டம்தான் 1971இல் திறந்தது. படங்களில் பார்க்கிற அந்தக் கோட்டை, சிறுபிள்ளைகளுக்கான சவாரிகள், இரவில் வாணவேடிக்கை எல்லாம் இங்கேதான். காலையிலிருந்து இரவுவரை ஒரு முழு நாள் தின்னும். எப்கொட் 1982இல் வந்தது. வாசலில் பதினெட்டு மாடி உயரக் கோளம், பின்புறம் ஒரு நீர்நிலையைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கூடங்கள். அந்தச் சுற்று மட்டும் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடை, நாட்டுக் கூடங்கள் வழக்கமாகப் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். ஹொலிவூட் ஸ்டூடியோஸ் (1989) பரப்பில் சிறியது. சவாரிகள் குறைவு, ஆனால் எல்லோரும் தேடுவது அந்தச் சிலவற்றைத்தான், அதனால் கியூ நீளம். அனிமல் கிங்டம் (1998) நாலிலும் பெரியது. சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும், பின்னேரம் மூன்று மணிக்குள் பெரும்பாலும் பார்த்து முடித்துவிடலாம்.

ஐந்து அல்லது ஆறு இரவு தங்கி நாலு பூங்காவுக்கு நாலு நாளும், நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கவும் வையுங்கள். நாலு நாள் டிக்கெட்டை முதல் நாளிலிருந்து ஏழு நாளுக்குள் பாவிக்கலாம், ஆகவே இடையில் ஓய்வெடுப்பதால் டிக்கெட் வீணாகாது. மூன்று நாள்தான் என்று மருமகன் பிடிவாதமாக இருந்தால் மஜிக் கிங்டம், எப்கொட், மூன்றாவதாக அனிமல் கிங்டம் என்று வைத்துக்கொண்டு ஹொலிவூட் ஸ்டூடியோஸை விட்டுவிடுங்கள். கூட வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் மட்டும் மூன்றாவதை மாற்றலாம். ஒரே நாளில் பூங்கா மாற இடம்தரும் 'பார்க் ஹொப்பர்' டிக்கெட் முதல்தடவை போகிறவருக்கு வேண்டியதில்லை. கூடுதல் காசைக் கொடுத்து, அந்தக் காசில் வாங்கிய நேரத்தைப் பஸ்ஸில் செலவழிப்பதாகத்தான் முடியும்.

டிசம்பர் பற்றி ஒன்று. கிறிஸ்துமஸிலிருந்து புதுவருடம் வரையான வாரம் வருடத்திலேயே மோசமான நெரிசல். டிக்கெட்டும் உச்சம்: ஒரு நாள் டிக்கெட் மலிவான நாளில் 120 டொலர் அளவில் கிடைக்கும், அந்த வாரத்தில் மஜிக் கிங்டமுக்கு 200 டொலரைத் தொடும், வரி வேறு. டிசம்பர் முதல் பாதி எவ்வளவோ மேல். ஆனால் சில இரவுகளில் மஜிக் கிங்டமில் தனி டிக்கெட்டோடு கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும். அன்றைக்குச் சாதாரண டிக்கெட்காரரை மாலை ஆறு மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள், வாணவேடிக்கை பார்க்க முடியாது. அதே காரணத்தால் அந்த நாட்களில் பகலில் கூட்டம் குறைவு. வாணவேடிக்கையா, சவாரியா என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்டு நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

பாடசாலை விடுமுறையில்தான் போக முடியும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மூன்றில் எது நல்லது?
– ஆசிரியை, பண்டாரவளை

ஓகஸ்ட் கடைசி. நம் விடுமுறை அந்த வாரங்களைத் தொட்டால் விடாதீர்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியோடு புளோரிடாவில் பாடசாலைகள் தொடங்கிவிடும், கூட்டமும் விலையும் ஒன்றாக இறங்கும்.

அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை வெயில். பகலில் 33 பாகை, அதோடு உடம்பில் ஒட்டும் ஈரப்பதம். பண்டாரவளை, நுவரெலியா உடம்புக்கு இது சின்ன விஷயமில்லை. கொழும்புக்குப் போனாலே தலைவலி வருகிறவர்கள் நம்மில் நிறைய. பின்னேரத்தில் இடிமழை ஏறத்தாழ அன்றாடம் வரும். மின்னல் பக்கத்தில் வந்தவுடன் வெளிச் சவாரிகளையும் கேபிள் காரையும் நிறுத்திவிடுவார்கள். சூறாவளிக் காலம் ஜூன் 1இலிருந்து நவம்பர் 30 வரை, ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர்வரை அதன் உச்சம். பயணக் காப்புறுதி இல்லாமல் அந்த மாதங்களில் போகவேண்டாம்.

இந்தக் காலநிலைக்கு ஒரே வழி, நாளை இரண்டாகப் பிரிப்பது. காலை வாசல் திறக்குமுன் போய்ப் பன்னிரண்டரை மணிவரை சுற்றுங்கள். அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஐந்து மணிக்கு மறுபடி அதே பூங்காவுக்குப் போகலாம், ஒரு நாள் டிக்கெட்டில் எத்தனை தடவையும் உள்ளே வந்து போகலாம். பன்னிரண்டிலிருந்து நாலுவரைதான் வெயிலும் கியூவும் ஒன்றாக உச்சிக்குப் போகிற நேரம்.

ஏப்ரலில் ஈஸ்டர் எப்போது என்று கலண்டரைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்திய, பிந்திய வாரங்கள் கிறிஸ்துமஸ் மாதிரியே. ஈஸ்டர் மார்ச்சிலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ வந்துவிட்ட வருடத்தில், சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வரும் நாட்கள் நன்றாக இருக்கும். டிசம்பரும் ஜனவரியும் பகலில் இதமானவை, ஆனால் சில காலைகளில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். அதற்கு உங்கள் வீட்டு ஸ்வெட்டர் போதும்.

பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. டிக்கெட் எப்படி? எல்லாச் சவாரியிலும் ஏற விடுவார்களா?
– வாசகி, தலவாக்கலை

மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. மூன்றிலிருந்து ஒன்பதுவரை சிறுவர் டிக்கெட், பத்து வயதிலிருந்து பெரியவர். சிறுவர் டிக்கெட் என்று பெயர்தானே தவிர பாதி விலை இல்லை, சில டொலர்தான் குறையும். இரண்டு அரை டிக்கெட் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

சவாரிக்கு வயது கணக்கில்லை, உயரம்தான். வாசலில் கோல் வைத்து அளப்பார்கள். ஒரு சென்ரிமீற்றர் குறைந்தாலும் ஏற்றமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. வீட்டிலேயே இரண்டு பிள்ளைகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 97 சென்ரிமீற்றர் இருந்தால் மஜிக் கிங்டமில் ஏழு குள்ளர் சுரங்க ரயிலும், ஹொலிவூட் ஸ்டூடியோஸில் ஸ்லிங்கி டோக் டாஷும் கிடைக்கும். 102இல் ரைஸ் ஒஃப் த ரெசிஸ்டன்ஸ், சோரின், டியானாஸ் பாயூ, டெஸ்ட் ட்ராக் திறக்கும். கோஸ்மிக் ரீவைண்டுக்கு 107. ஸ்பேஸ் மவுண்டன், ஃபிளைட் ஒஃப் பசேஜ், எவரெஸ்ட் மூன்றுக்கும் 112. ட்ரொனுக்கு 122. நாலு வயதுப் பிள்ளை 100 சென்ரிமீற்றரை ஒட்டி இருப்பாள், புறப்படுவதற்கு முந்திய வாரம் இன்னொருமுறை அளந்து பாருங்கள்.

சின்னவள் ஏற முடியாத சவாரியில் நீங்களும் கணவரும் மாறிமாறிப் போகலாம். 'ரைடர் சுவிட்ச்' என்று பெயர். எல்லோரும் சேர்ந்து சவாரி வாசலில் நிற்கும் ஊழியரிடம் பிள்ளையைக் காட்டிக் கேளுங்கள். உங்கள் டிக்கெட்டில் பதிந்துகொள்வார். கணவர் பெரியவனோடு கியூவில் நின்று ஏறிவிட்டு வந்தபிறகு, நீங்கள் கியூ இல்லாத வாசலால் போகலாம். பெரியவன் உங்களோடு இரண்டாம் தடவையும் ஏறலாம், அவனுக்கு அதிர்ஷ்டம். இதற்குக் காசில்லை. கேட்டால்தான் கிடைக்கும், கியூவுக்குள் போனபிறகு கேட்டால் கிடைக்காது.

லைட்னிங் லேன் என்கிறார்கள். கட்டாயம் வாங்கவேண்டுமா? இங்கிருந்தே பதிவுசெய்யலாமா?
– வங்கி ஊழியர், கண்டி

கியூவைத் தாண்டிப் போகிற கட்டண வாசல் இது. 2024 ஜூலையிலிருந்து இரண்டு வகையாக விற்கிறார்கள். 'மல்ட்டி பாஸ்' ஒரு நாளுக்கு ஒரு கட்டணம், முன்கூட்டியே மூன்று சவாரிக்கு நேரம் எடுக்கலாம். 'சிங்கிள் பாஸ்' ஒரு சவாரிக்கு ஒரு விலை. ட்ரொன், கோஸ்மிக் ரீவைண்ட், ரைஸ் ஒஃப் த ரெசிஸ்டன்ஸ், ஃபிளைட் ஒஃப் பசேஜ் போன்ற பெரிய தலைகளை இதில்தான் வைப்பார்கள், பட்டியல் மாறுவதுண்டு. இரண்டுமே தலைக்கு ஒன்று வாங்கவேண்டும், விலை நாளுக்கும் பூங்காவுக்கும் ஏற்ப ஏறி இறங்கும்.

இங்கிருந்தே பதியலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவருக்கு வந்திறங்கும் நாளுக்கு ஏழு நாள் முன்பும், வெளியில் தங்குகிறவருக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பும் திறக்கும். நேரம் புளோரிடாவில் காலை ஏழு மணி. நமக்கு அது கோடையில் பின்னேரம் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அந்த ஒரு மணி வித்தியாசத்தை மறந்துபோய் உட்கார்ந்தால் நல்ல நேரங்கள் எல்லாம் போய்விட்டிருக்கும். ஒருவகையில் நமக்கு வசதி, அங்கே உள்ளவன் தூக்கம் கலைந்து எழும்பவேண்டும், நாம் தேநீரோடு செய்யலாம். மழை நாளில் சிக்னல் விழும் இடமென்றால் மட்டும் நகரத்துக்குப் போய்விடுங்கள்.

முந்திய நாளே மூன்று வேலை முடிந்திருக்கவேண்டும். குடும்பத்தார் எல்லோருடைய டிக்கெட்டும் ஒரே டிஸ்னி ஆப் கணக்கில் சேர்ந்திருக்கவேண்டும், ஒருவர் விடுபட்டால் அவருக்குத் தனியாகப் பதியவேண்டி வரும், அதே நேரம் கிடைக்காது. வங்கி அட்டை விபரத்தைச் சேமித்து வையுங்கள், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அட்டை திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்திலும் அட்டைக்கான ஓ.டி.பி இலங்கை சிம்முக்கே வரும் என்பதால் ரோமிங்கைப் போட்டுவையுங்கள். மூன்றாவதாக, எந்த மூன்று என்பதைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அனிமல் கிங்டம் தவிர்ந்த மற்ற மூன்று பூங்காவிலும் சவாரிகளை இரண்டு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தரத்தில் ஒன்றும் இரண்டாம் தரத்தில் இரண்டும்தான் எடுக்கவிடும்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மூன்றுக்கும் பின்னேரமாகப் பார்த்து நேரம் எடுத்துவிடுவார்கள். முதல் சவாரியைப் பாவித்த பிறகுதான் நாலாவதை எடுக்க முடியும். முதலாவதே மூன்று மணிக்கென்றால் மூன்று மணிவரை கை கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அதனால் ஒன்றையாவது ஒன்பது, பத்து மணிக்கு எடுங்கள். பிடித்த சவாரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதை முடித்தவுடன் அடுத்தது, அதை முடித்தவுடன் அதற்கடுத்தது என்று இழுத்துக்கொண்டே போகலாம்.

கட்டாயமா என்றால், அனிமல் கிங்டமுக்கு வேண்டாம். நெரிசல் நாளில் மஜிக் கிங்டமுக்கும் ஹொலிவூட் ஸ்டூடியோஸுக்கும் வாங்குவது பயன். எப்கொட்டில் சவாரியைவிட நடையும் பார்வையும்தான் அதிகம், அங்கே காசை மிச்சம்பிடிக்கலாம். எதுவும் வாங்காமல் சமாளிக்கவும் வழி இருக்கிறது: திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் வாசலில் நில்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் முடிகிற சவாரிகள், பகலில் நாலு மணி நேரம் நின்றாலும் முடியாது.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு. கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே முழங்கால் வலி. கூட்டிப்போவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை.
– வாசகர், மஸ்கெலியா

தாராளமாகக் கூட்டிப்போங்கள், சக்கர நாற்காலியோடு. புளோரிடா தட்டையான நிலம். நம் ஊரில் வாசலைவிட்டு இறங்கினாலே படி, ஏற்றம். அங்கே அந்தத் தொல்லை கிடையாது. "நான் நடப்பேன்" என்று அம்மா சொல்லுவார். முதல் நாள் நடப்பார், மறுநாள் கட்டிலைவிட்டு எழும்பமாட்டார். பூங்காவில் ஒரு நாள் நடை பத்துக் கிலோமீற்றரைச் சாதாரணமாகத் தாண்டும்.

பூங்கா வாசலில் நாற்காலி வாடகைக்கு உண்டு, முன்பதிவு இல்லை, முதலில் வருகிறவருக்கு. ஆனால் அதைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள், பஸ் தரிப்பிடத்திலிருந்தும் ஹோட்டலிலிருந்தும் நடக்கத்தான் வேண்டும். மடிக்கிற நாற்காலி ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது. விமான நிறுவனங்கள் பொதுவாக அதற்குப் பொதிக் கட்டணம் எடுப்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நாற்காலி இருந்தால் கியூ இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பெரும்பாலான வரிசைகள் நாற்காலி போகிற அகலத்தில்தான் இருக்கின்றன, அதிலேயே போகவேண்டும். கியூவில் நிற்காமலிருக்கத் தரும் சலுகை 2024இலிருந்து ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முக்கியமாகக் கொடுக்கப்படுகிறது. மூட்டு வலிக்குக் கிடைக்காது.

அம்மாவுக்குப் பொருந்துகிறவை: எப்கொட்டில் 'லிவிங் வித் த லாண்ட்'. படகில் உட்கார்ந்தபடியே கண்ணாடிக் கூடங்களுக்குள் போவது. மண்ணில்லாமல் தொங்கவிட்டு வளர்க்கும் தக்காளி, பூசணி, கத்தரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரும். வாழ்நாள் முழுக்கச் செடியோடு பழகியவர் அந்தப் படகைவிட்டு இறங்க மனமில்லாமல் இருப்பார். ரோலர் கோஸ்டருக்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. மஜிக் கிங்டமில் 'இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட்', 'கரொசல் ஒஃப் ப்ரொகிரஸ்'. 'பீப்பிள் மூவர்' நல்ல சவாரி, ஆனால் ஓடுகிற தளத்தில் காலை எடுத்துவைத்து ஏறவேண்டும், நாற்காலியை வெளியே விடவேண்டும், முழங்கால் வலியோடு வேண்டாம். அனிமல் கிங்டம் சபாரி லொறி நன்றாகக் குலுக்கும், இடுப்பு வலியும் இருந்தால் யோசியுங்கள். போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலுக்குள் படுத்துவிடும். உள்ளரங்குகளில் ஏ.சி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை மடியில் இருக்கட்டும்.

நாங்கள் சைவம். சாப்பாடு என்ன செய்வது? ரைஸ் குக்கரும் கொஞ்சம் அரிசியும் கொண்டுபோகலாமா?
– வாசகி, பதுளை

இரண்டையும் வீட்டில் வையுங்கள். நம் குக்கர் 230 வோல்ட், அங்கே 120. செருகி மட்டும் மாற்றிப் போட்டால் குக்கர் எரியாது, ஆனால் சூடும் வராது. 700 வாட் குக்கர் அங்கே 190 வாட்டுக்குத்தான் வேலைசெய்யும், அரிசி வேகாமல் ஊறி நிற்கும். கெட்டிலுக்கும் இதே கதி. கைப்பேசி சார்ஜருக்குப் பயமில்லை, அதில் 100–240 என்று எழுதியிருக்கும், தட்டையான இரண்டு கால் செருகி மட்டும் வாங்குங்கள். குக்கர் வேண்டுமென்றே இருந்தால் அங்கே கடையில் சின்னது ஒன்று வாங்கலாம். ஆனால் டிஸ்னி ஹோட்டல் அறைகளில் சமைக்கிற சாதனம் அனுமதியில்லை. சமைக்க நினைப்பவர் சமையலறையோடு உள்ள வெளி வீட்டில் தங்கவேண்டும்.

அரிசி அமெரிக்காவுக்குள் போகாது. தானியத்தைத் தின்னும் ஒரு வண்டுக்குப் பயந்து, நம் நாடு உட்படப் பல நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதைத் தடுத்திருக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் போகாது. தோடம்பழ மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் வாழும், அந்த நோயால் புளோரிடாவின் தோடைத் தோட்டங்கள் ஏற்கெனவே படாதபாடு பட்டிருக்கின்றன. அதனால் அங்கே இது விளையாட்டுக் காரியமில்லை. பழம், இறைச்சி எதுவும் வேண்டாம். கடையில் மூடி ஒட்டிய தேயிலைப் பக்கெட், மிளகாய்த்தூள், பிஸ்கட் கொண்டுபோகலாம். எதுவானாலும் சுங்கத்தில் அறிவியுங்கள். அறிவித்தால் கூடாததை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் போத்தலும் மதுவும் கூடாது, உதிரி ஐஸ் கட்டியும் கூடாது. காலையில் ரொட்டி, பழம், கச்சான் கட்டிக்கொண்டு போனால் ஒரு வேளைச் செலவு மிச்சம். சாப்பாட்டுக் கவுண்டர்களில் குளிர்ந்த நீர் கேட்டால் இலவசம், போத்தல் தண்ணீர் வாங்காதீர்கள். உணவுப்பட்டியலில் இலைக் குறி உள்ளவை இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் சேராதவை. உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகங்களில் அனிமல் கிங்டம் லொட்ஜ் ஹோட்டலில் உள்ள 'சனா' நம் நாக்குக்குக் கிட்ட வரும். இந்தியப் பாணி ரொட்டிகளும் ஊறுகாய், சட்னி வகைகளும் தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அங்கே தங்காவிட்டாலும் முன்பதிவு செய்து சாப்பிடலாம். தேநீர் என்று கேட்டால் வெந்நீர்க் கோப்பையும் ஒரு பையும்தான் வரும். உங்கள் தேயிலையும் ஒரு பிளாஸ்கும் கையில் இருக்கட்டும்.

ஏழு பேர் போகிறோம். டிஸ்னி ஹோட்டலா, வெளியிலா?
– கடை உரிமையாளர், நாவலப்பிட்டி

ஏழு பேருக்கு வெளியில். டிஸ்னியின் மலிவு ஹோட்டல்களில் சாதாரண அறை நாலு பேருக்குத்தான், ஆறு பேருக்கான தொகுதி அறைகள் சிலவற்றில் உண்டு, விலை அதற்கேற்ப. ஏழென்றால் இரண்டு அறை எடுக்கவேண்டும். டிஸ்னிக்கு அருகிலுள்ள கிசிமி என்ற ஊர்ப் பக்கத்தில் மூன்று, நாலு படுக்கையறை வீடு வாடகைக்கு எடுத்தால் சமையலறையும் சலவை இயந்திரமும் சேர்ந்து கிடைக்கும். துப்புரவுக் கட்டணம், வரி எல்லாம் கூட்டிய தொகையைப் பார்த்து ஒப்பிடுங்கள், முதல் பக்கத்தில் போட்டிருக்கும் விலையை அல்ல.

வெளியில் தங்கினால் வாகனம் வேண்டும், பூங்காத் தரிப்பிடம் நாளுக்கு 30 டொலருக்குக் குறையாது. மஜிக் கிங்டமில் இன்னொரு சங்கதி. வாகனத்தை நிறுத்துவது ஏரிக்கு இந்தக் கரையில், பூங்கா அந்தக் கரையில். நிறுத்திய இடத்திலிருந்து சோதனை, அப்புறம் மொனோரெயில் அல்லது படகு என்று குறைந்தது முப்பது, நாற்பது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்னி ஹோட்டல் பஸ் நேரே வாசலில் இறக்கிவிடும், அதோடு ஹோட்டல்காரருக்கு எல்லாப் பூங்காவிலும் அரை மணி முன்னதாக நுழைவும் உண்டு. நாலு பேர் குடும்பமென்றால் அந்த இரண்டுக்காகவே உள்ளே தங்கச் சொல்லியிருப்போம்.

முகநூலில் ஒருவர், இரண்டு நாள் மீதமுள்ள டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறாராம்.
– வாசகர், ஹப்புத்தளை

வாங்காதீர்கள். டிக்கெட்டைக் கைமாற்ற முடியாது. முதல் நாள் நுழையும்போது விரல் அடையாளம் டிக்கெட்டோடு பதிந்துவிடும், மறுநாள் வேறு விரல் வைத்தால் வாசல் திறக்காது. பாவித்த மீதியை விற்பது புளோரிடாச் சட்டப்படியும் குற்றம்.

புளோரிடா கட்டுப்படியாகாது. பக்கத்தில் ஏதும்?
– தோட்ட உத்தியோகத்தர், கொட்டகலை

சிங்கப்பூர். குறுகிய சுற்றுலாவுக்கு இலங்கையருக்கு முன்கூட்டிய வீசா வேண்டாம், வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். செந்தோசாத் தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010இல் திறந்தது. ஒரு முழு நாள் போதும், அதே வளாகத்தில் நீர்ப்பூங்காவும் உண்டு. துபாயில் 2016இல் திறந்த துபாய் பார்க்ஸ் அண்ட் ரிசோர்ட்ஸில் மோஷன்கேட்டும் லெகோலாண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் வேலைசெய்தால் தங்குமிடச் செலவு மிச்சம், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். டிஸ்னிதான் வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட பூங்காவும் வேண்டும் என்றால் ஆசியாவில் டோக்கியோ. 1983இல் ஒன்று, 2001இல் கடலைக் கருவாக வைத்த இன்னொன்று. ஜப்பான் வீசா தேவை.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்? என் மகனுக்குத் தமிழும் கொஞ்சம் சிங்களமும்தான் தெரியும்.
– வாசகி, கம்பளை

பூங்கா ஊழியர் எல்லோரும் சட்டையில் வெள்ளைப் பெயர்ப்பட்டி அணிந்திருப்பார்கள். முதல் நாள் வாசலிலேயே ஒருவரைக் காட்டி, "அம்மாவைக் காணவில்லை என்றால் இந்தப் பட்டி போட்டவரிடம் போ, வாசலுக்கு வெளியே போகாதே" என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளையின் பெயர், அங்கே பாவிக்கும் உங்கள் தொலைபேசி எண், 'தமிழ் பேசுவான்' என்ற வரி மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கட்டுங்கள். இலங்கை எண்ணென்றால் முன்னால் 94 வேண்டும். தாளில் எழுதினால் வியர்வையில் கரைந்துவிடும், மருத்துவமனைப் பட்டி மாதிரிப் பிளாஸ்டிக் பட்டியில் எழுதுங்கள். தினமும் காலையில் பிள்ளையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள், அன்றைக்குப் போட்டிருக்கும் உடுப்பு அதில் இருக்கும். காணவில்லை என்றவுடன் நீங்களும் தேடி ஓடாமல் பக்கத்து ஊழியரிடம் சொல்லுங்கள். கண்டெடுத்த பிள்ளைகளை அந்தந்தப் பூங்காவின் 'பேபி கெயார் சென்ரர்' என்ற இடத்துக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று உள்ளே நுழைந்தவுடன் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.